ஒரு வாஷர் அதிகம்

கார் ஏசியில் குளிர் வரவில்லை என்றவுடன் எல்லோரும் கேஸ் நிரப்பத்தான் ஓடுகிறார்கள். பாதி நேரம் கேஸில் ஒரு குறையும் இருக்காது. கம்ப்ரஸரின் முகத்தில் ஒரு கிளட்ச் இருக்கிறது, குறை அதில் இருக்கும். அதை வீட்டு வாசலிலேயே மாற்றிவிடலாம். கேஸ் குழாயைத் தொடக்கூட வேண்டாம். நாலு ஸ்பேனரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும் என்று நான் தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டே இருப்பேன். கேட்கிறவர்கள் தலையை ஆட்டிவிட்டுக் கேஸ் நிரப்பப் போய்விடுவார்கள்.

இன்ஸ்பெக்டர் மேடம், நீங்கள் என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டது ஒரு கையெழுத்துக்காகத்தான் என்று தெரியும். உட்கார வைத்துக் கிளட்ச் பாடம் நடத்துகிறானே என்று உங்களுக்கு எரிச்சலாக இருக்கலாம். ஆனால் இது புரியாவிட்டால், அடுத்து நான் சொல்லப்போவது புரியாது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மேசையில் இருக்கும் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக் காட்டினீர்கள். என் மச்சினன், நாங்கள் எல்லோரும் சின்னு என்று கூப்பிடுகிறவன், பக்கவாதத்தில் விழுந்த தன் அப்பாவை வெயிலில் காருக்குள் ஏசி இல்லாமல் விட்டுப் போனான், அதனால் அவர் இறந்தார் என்று இருக்கிறது. அந்த ஏசியைக் கடைசியாகப் பழுது பார்த்தவன் நான். அது நல்ல நிலையில்தான் இருந்தது என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டால் சின்னுவை உள்ளே தள்ளிவிடுவார்கள். ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது என்று அவன் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் தொண்டை வற்றிப்போய்க் கிடக்கிறான். யாரும் நம்பவில்லை. கூடப்பிறந்த அக்காவே, அதாவது என் மனைவியே, நம்பவில்லை.

அவன் சொல்வது உண்மை. அவன் ஏசியை அணைக்கவில்லை.

வண்டியைச் சோதித்தவர் ஏசி நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தாரே, அவர் எழுதியதும் பொய்யில்லை. அவர் காலை வேளையில், உங்கள் நிலையத்து மரநிழலில் வைத்து எஞ்சினைப் போட்டார். சில்லென்று காற்று வந்தது. கையை வைத்துப் பார்த்துவிட்டு அணைத்துவிட்டார். நான் அப்போது பக்கத்தில்தான் நின்றிருந்தேன். இன்னும் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அந்த வெட்கத்தையும் சேர்த்துத்தான் இங்கே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

நான் லிப்ட் மெக்கானிக். லிப்டில் ஒரு பிரேக் இருக்கிறது, அது மின்காந்தத்தால் இயங்குவது. காரின் ஏசி கிளட்சும் அதற்கு உறவுக்காரன்தான். கம்பிச்சுருள் ஒன்று, அதற்குக் காயில் என்று பெயர். அதில் மின்சாரம் போனால் காந்தமாகும். முன்னால் இருக்கும் இரும்புத் தட்டை ‘டக்’ என்று இழுத்து ஒட்டவைக்கும். தட்டு ஒட்டினால் கம்ப்ரஸர் சுற்றும், குளிர் வரும். உள்ளே போதுமான குளிர் வந்ததும் விட்டுவிடும். மறுபடி சூடானால் மறுபடி டக். இப்படி மாறி மாறி நடந்துகொண்டே இருக்கும். காரில் உட்கார்ந்திருப்பவர்கள் அதைக் கவனிக்க மாட்டார்கள். எனக்கு அந்தச் சத்தம் கேட்காவிட்டால் தூக்கம் கலைந்துவிடும்.

தட்டுக்கும் காந்தத்துக்கும் நடுவே ஒரு இடைவெளி விட வேண்டும். விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு. அந்த இடைவெளியைக் கூட்டவும் குறைக்கவும் மெல்லிய வாஷர்கள் உண்டு. தலைமுடியை விடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். இடைவெளி கூடிப்போனால் ஒரு வேடிக்கை நடக்கும். வண்டி எடுத்த புதிதில் எல்லாம் சரியாக இருக்கும். நின்ற இடத்தில் எஞ்சின் ஓடி ஓடி, காயில் சூடேறியதும் காந்தத்தின் பிடி தளரும். அப்புறம் ஒருமுறை விட்ட தட்டு மறுபடி ஒட்டாது. ஏசி விளக்கு எரியும், விசிறி சுற்றும், சூடான காற்றுதான் வரும். வண்டியை அணைத்து ஆறவிட்டால் மறுபடி எல்லாம் சரியாகிவிடும். வொர்க்‌ஷாப்காரர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் வியாதி இது. தவறு செய்கிறவர்கள் தெரியாமல் செய்வார்கள். எனக்கு இதுதான் தொழில்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் வீட்டோடு மாப்பிள்ளை. கல்யாணமான நாளிலிருந்து மாமனார் வீட்டு மாடியில்தான் குடித்தனம். மாமனார் பெரிய அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நாலு பேர் கூடிவிட்டால் அவருக்கு நாக்கில் சனி. வருகிறவர்களிடம் என்னை இப்படித்தான் அறிமுகம் செய்வார்: “இவரு நம்ம மாப்ள. லிப்ட் ரிப்பேரு. மேல போவாரு, கீழ வருவாரு, முன்னால மட்டும் போகமாட்டாரு.” எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். நல்ல ஜோக் என்பதால்தான் சிரித்தேன், அதில் எனக்குக் கோபம் எதுவும் இல்லை என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவருக்கு வலது பக்கம் விழுந்துபோனபின் வீட்டு வேலை முழுக்க என் தலையில் வந்தது. யாரும் சுமத்தவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். என் மனைவிக்கு இடுப்பு வலி, அவளால் அவரைத் தூக்க முடியாது. காலையில் எழுப்பிப் பல் தேய்த்துவிட்டு, குளிப்பாட்டி, பவுடர் போட்டு, சட்டை மாட்டி, ஊட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போவேன். முதுகில் புண் வராமல் இருக்கப் புரட்டிப் படுக்க வைப்பேன். பார்க்க வந்த நர்ஸ் அம்மா, “இவ்ளோ சுத்தமா யாரும் வச்சிருந்து நான் பாத்ததில்லைங்க” என்றார். உண்மைதான். எந்த வேலை செய்தாலும் அரைகுறையாக விட்டு எனக்குப் பழக்கம் இல்லை.

அவருக்குப் பேச்சு போய்விட்டது. முழுக்கப் போகவில்லை, ஒரே ஒரு சொல் மட்டும் மிச்சம் இருந்தது. சின்னு. டாக்டர் எங்களை உட்கார வைத்து விளக்கினார். “மூளையில பேச்சு இருக்கிற இடம் அடிபட்டா சில பேருக்கு ஒரு வார்த்தை மட்டும் தங்கிடும். தண்ணி வேணும்னாலும் அதுதான் வரும். வலிக்குதுன்னாலும் அதுதான். நீங்க எதிர்ல நின்னா உங்களைக் கூப்பிடுறதும் அதுலதான். அவர் மேல வருத்தப்படாதீங்க.” நான் வருத்தப்படவில்லை என்று சொன்னேன். வாயைத் துடைத்துவிட்டால் சின்னு. போர்வையை இழுத்துவிட்டால் சின்னு. சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனால், என் முகத்தை நேராகப் பார்த்துச் சின்னு. விஷயம் புரிந்தவன்தான் நான். புரிந்தும், ஒவ்வொரு தடவையும் நெஞ்சில் நறுக்கென்று ஒரு முள் குத்தியது.

சின்னு ஞாயிற்றுக்கிழமை தோறும் வருவான். வாசலில் ஹாரன் அடிப்பான். நான் அவரைத் தயார் செய்து, தூக்கிப் பின் இருக்கையில் உட்கார வைப்பேன். அவன் அப்பாவின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு வண்டியை எடுப்பான். அவர் பழைய சகாக்கள் சீட்டாடும் மன்றத்துக்குக் கூட்டிப்போவான். அங்கே படியேற முடியாது. அதனால் வண்டியைச் சந்தில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டு அவரை உள்ளேயே விட்டுவிடுவான். சகாக்கள் ஒவ்வொருவராக வந்து கண்ணாடி வழியாகக் குசலம் விசாரித்துவிட்டுப் போவார்கள். பிறகு சின்னு “ஒரே ஒரு கை” என்று உள்ளே போவான். அந்த ஒரு கை எப்போதும் மதியச் சாப்பாடு வரைக்கும் நீளும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருமுறை மாமனார் இடது கையால் கதவைத் திறந்து பாதி உடம்பு வெளியே தொங்கிவிட்டார். அதன்பின் பின்கதவின் குழந்தைப் பூட்டைப் போட்டு, ஜன்னல் பொத்தானையும் வேலை செய்யாமல் பூட்டிவைத்தோம். அந்த யோசனையைச் சொன்னது நான். அன்று அதை நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். இதையாவது நீங்கள் நம்ப வேண்டும்.

வாரம் முழுவதும் நான் செய்ததற்கு வீட்டில் பெயர் கடமை. அவன் ஞாயிற்றுக்கிழமை செய்ததற்குப் பெயர் பாசம். அவன் கிளம்பிப் போனபின், “சின்னு வந்தாதாங்க அப்பா முகத்துல ஒரு வெளிச்சமே வருது” என்று என் மனைவி சொல்வாள். அவள் என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. கண்ணால் கண்டதைத்தான் சொன்னாள். நானும் கண்டேன்.

ஒருநாள் சின்னு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். முன்பக்கத்தில் தகரத்தைத் தேய்ப்பதுபோல ஒரு ஓசை. “அத்தான், கம்ப்ரஸரையே முழுசா மாத்தணும்ங்கிறான் வொர்க்‌ஷாப்ல. நீங்க ஒரு பார்வை பாத்துடுங்களேன். உங்க கை பட்டாதான் எனக்கு நிம்மதி” என்றான். அவன் பேச்சில் எப்போதும் ஒரு கரண்டி தேன் கூடுதல். நான் காதை வைத்துக் கேட்டேன். கிளட்சின் பேரிங் போயிருந்தது. தட்டும் காந்தமும் கருகியிருந்தன. முழு கிளட்ச் செட் ஒன்று வாங்கிவரச் சொன்னேன்.

மறுநாள் எனக்கு விடுமுறை. வாசலிலேயே வேலையைத் தொடங்கினேன். மாமனாரைச் சக்கர நாற்காலியில் நிழலில் உட்கார வைத்திருந்தேன். பேட்டரி ஒயரைக் கழற்றி, ஜாக்கி வைத்துத் தூக்கி, பெல்ட்டைத் தளர்த்தி எடுத்தேன். நடு போல்ட்டைக் கழற்றித் தட்டை இழுத்தேன். பிறகு வளையக் கிளிப், பிறகு புல்லி, பிறகு காயில். எல்லாவற்றையும் கழற்றிய வரிசையில் ஒரு துணியில் பரப்பி வைத்தேன். புதியதை அதே வரிசையில் பின்னிருந்து மாட்டினேன். வாஷர்களை மாற்றி மாற்றிப் பார்த்து, இடைவெளியைக் கேஜ் வைத்து அளந்தேன். கச்சிதமாக இருந்தது. எந்தக் கம்பெனியில் மாட்டினாலும் அதைவிடச் சரியாக மாட்டியிருக்க முடியாது.

இந்த இடத்தில் நிறுத்திவிடலாம் என்று தோன்றுகிறது. உங்களிடமும் என் மனைவியிடமும் சொல்ல ஒரு கதை தயாராக வைத்திருந்தேன். அவசரத்தில் ஒரு வாஷர் தவறுதலாக அதிகம் விழுந்துவிட்டது, மனிதன்தானே, கண் தப்பிவிட்டது என்று. அந்தக் கதையோடுதான் இன்று காலை வீட்டிலிருந்து கிளம்பினேன். ஆனால் முதலில் மாட்டியது சரியாக இருந்தது என்று உங்களிடம் வாய் தவறி இப்போது சொல்லிவிட்டேன். இனி மறைக்க ஒன்றுமில்லை.

சின்னு மதியம் வந்தான். வண்டியைப் போட்டான். டக். பனி மாதிரிக் காற்று. குதித்துக்கொண்டு இறங்கி, அப்பாவைத் தன் கையாலேயே தூக்கி உள்ளே உட்கார வைத்தான். அதற்கு முன் அவன் அவரைத் தூக்கி நான் பார்த்ததில்லை. காற்று முகத்தில் பட்டதும் கிழவர் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். அசையும் கையால் அவன் தலையைக் கோதி, “சின்னு, சின்னு” என்றார். கண்ணில் நீர் வழிந்தது. என் மனைவி ஓடிவந்து பார்த்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அப்பாவுக்கு எவ்ளோ பிடிச்சிருக்கு பாத்தியாக்கா? இதுக்குத்தான் ஏசியை ரெடி பண்ணிடணும்னு நான் ஒத்தக்கால்ல நின்னேன்” என்றான் சின்னு. நான் கையில் கிரீஸோடு நின்றிருந்தேன். அவர்கள் மூன்று பேரும் என்னை வேண்டுமென்று ஒதுக்கவில்லை. நான் அங்கே நிற்பது அவர்களுக்குத் தட்டுப்படவே இல்லை, அவ்வளவுதான்.

“பெல்ட்டை இன்னொரு தடவை இழுத்துக் கட்டணும், வண்டி ரெண்டு நாள் இங்கயே இருக்கட்டும்” என்றேன். பெல்ட் நன்றாகத்தான் இருந்தது. சின்னு ஆட்டோ பிடித்துப் போனான். அன்று சாயங்காலமே தட்டைக் கழற்றி ஒரு வாஷரைக் கூடுதலாகப் போட்டேன். போல்ட்டைத் திரும்ப இறுக்கி, கருவிகளைத் துடைத்து வைத்தேன்.

மறுநாள் மதியம் வண்டியை வெயிலில் நிறுத்தி, பின் இருக்கையில், அவர் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வேலையைச் சோதிக்காமல் கொடுப்பது எனக்குப் பிடிக்காது. முதலில் சுகமாக இருந்தது. கொஞ்சம் கண் அசந்துகூடப் போனேன். பிறகு விட்ட தட்டு ஒட்டவில்லை. உள்ளிருக்கும் காற்றையே சுழற்றும்படி பொத்தான் இருந்ததால் சூடு மளமளவென்று ஏறியது. சட்டை முதுகில் ஒட்டியது. மூச்சு இழுத்தால் அடுப்பு வாயில் முகத்தை நீட்டியதுபோல இருந்தது. பொறுக்க முடியாமல், முன் இருக்கைக்குத் தாவிக் கதவைத் திறந்து வெளியே வந்தேன். என்னால் தாவ முடிந்தது.

அவரைக் கொல்ல நினைத்தாயா என்று கேட்பீர்கள். இல்லை. நான் நினைத்தது வேறு, அதைச் சொல்ல இன்னும் கூச்சமாக இருக்கிறது. கொலை என்று நினைத்திருந்தால்கூட ஒரு மாதிரி பெரிய விஷயமாக இருந்திருக்கும். நான் நினைத்தது மிகவும் அற்பமானது. சின்னு சீட்டாடிக்கொண்டிருப்பான். கிழவர் உள்ளே வியர்த்து விறுவிறுத்துத் தவிப்பார். அப்போது நான் தற்செயலாக அந்தப் பக்கம் வருவேன். கதவைத் திறந்து, அவரைத் தூக்கி நிழலில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுப்பேன். மன்றத்தில் இருக்கும் அத்தனை பேரும் ஓடிவந்து பார்ப்பார்கள். சின்னுவின் முகம் தொங்கிப்போகும். அவர் என் கையைப் பிடித்துக்கொள்வார். இவ்வளவுதான். இதை மனதில் வைத்து, ஒரு சின்னப் பையன் நாடகம் போட்டுப் பார்ப்பதுபோல, நான் பலமுறை ஓட்டிப் பார்த்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கே இருந்தீர்கள் என்று முதல் நாளே கேட்டீர்கள். வேலைக்குப் போயிருந்தேன் என்றேன். அதுவும் பொய்யில்லை. ஆனால் அன்று முறை என்னுடையது இல்லை, கூட வேலை செய்பவருடையது. அவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஞாயிறன்று வேறு எங்கிருந்து கூப்பிட்டாலும், மன்றம் இருக்கும் தெருவில் ஒரு கட்டடத்து லிப்டைப் பார்த்துவிட்டுத்தான் வருவேன் என்று கம்பெனியில் முன்பே சொல்லிவைத்திருந்தேன். அந்தக் கட்டடத்தின் வாசலுக்கும் சின்னுவின் கார் நின்ற சந்துக்கும் நடுவில் ஒரு சுவர்தான்.

காலையில் வழக்கம்போல அவரைக் குளிப்பாட்டினேன். அன்று கொஞ்சம் கூடுதல் கவனமாக, காதுக்குப் பின்னால்கூடத் துடைத்துவிட்டேன். மெல்லிய பருத்திச் சட்டைக்குப் பதில் தடித்த முழுக்கைச் சட்டையை மாட்டினேன். வெளியே போகிறார், கௌரவமாக இருக்கட்டும் என்று என் மனைவியிடம் சொன்னேன்.

வெயில் உச்சிக்கு வந்தபின் போனேன். சந்தில் ஆள் நடமாட்டம் இல்லை. மன்றத்து மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் வண்டியின் பின்புறம் தெரியும். எஞ்சின் ஓடுகிறதா என்று அவ்வப்போது சின்னு எட்டிப்பார்ப்பான். அன்றும் பார்த்திருப்பான். எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான் முதலில் போனது கதவருகே இல்லை, மேடம். முன்பக்கம் போய்க் குனிந்து பானட்டில் காதை வைத்தேன். பெல்ட் சுற்றும் சத்தம் இருந்தது, டக் சத்தம் வரவில்லை. எவ்வளவு நேரம் நின்று கேட்டும் வரவில்லை. என் கணக்குச் சரியாக அமைந்திருந்தது. வேலை சரியாக அமைந்தவனுக்கு வருமே, ஒரு சின்ன நிறைவு, அது எனக்கு வந்தது. அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது. இதை மட்டும் எழுதாமல் விட்டுவிடுவீர்களா என்று கேட்கத் தோன்றுகிறது. எழுதுங்கள்.

பிறகு பின்கதவுக்குப் போனேன். கண்ணாடியில் வெயிலுக்கான வலைத்திரை. அதன் ஓரத்தில் அவர் முகம் தெரிந்தது. சிவந்து, வாய் திறந்து, சட்டை மார்போடு ஒட்டிக்கிடந்தது. என்னைப் பார்த்தார். மேடம், அவர் முகத்தில் அப்போது வெளிச்சம் வந்தது. சின்னுவைப் பார்த்தால் வருமே, அதே வெளிச்சம், அதைவிட அதிகம். நான் கைப்பிடியில் கை வைத்தேன். குழந்தைப் பூட்டு உள்ளிருந்து திறப்பதைத்தான் தடுக்கும். வெளியிலிருந்து இழுத்தால் திறந்துவிடும். இழுத்திருந்தால் என் நாடகம் நான் எழுதியபடியே முடிந்திருக்கும்.

அவர் உதடு அசைந்தது. கண்ணாடி வழியாகச் சத்தம் வரவில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை, அந்த அசைவு எனக்குத் தெரியாதா? சின்னு என்றார். மறுபடியும் சின்னு. இடது கையைக் கண்ணாடியில் வைத்து, என்னையே பார்த்துக்கொண்டு, சின்னு.

தண்ணீர் என்று சொல்லியிருக்கலாம். கதவைத் திற என்று சொல்லியிருக்கலாம். மாப்ளே என்றே கூப்பிட்டிருக்கலாம். டாக்டர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூட எனக்கு மறக்கவில்லை. அங்கே நின்றபோதும் எல்லாம் நினைவிருந்தது. நினைவு இல்லாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. கைப்பிடியிலிருந்து கையை எடுத்தேன். சரி, அந்தச் சின்னுவே வந்து திறக்கட்டும் என்று நினைத்தேன்.

லிப்டில் பெரிய கோளாறு எதுவும் இல்லை. கதவு சென்சாரில் தூசி படிந்திருந்தது, துடைத்தால் முடிந்துபோகும். துடைத்தேன். அதோடு கிளம்பியிருக்கலாம். நான் மொட்டை மாடிக்குப் போய், மோட்டார் அறையைத் திறந்து, யாரும் கேட்காமலே எண்ணெய் போட்டு, பிரேக்கின் இடைவெளியையும் அளந்து பார்த்தேன். மிகச் சரியாக இருந்தது. மாடியிலிருந்து காரின் கூரை தெரிந்தது. நடுவில் ஒருமுறை எட்டிப்பார்த்தேன். யாரும் அதன் பக்கம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் போகட்டும், இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று அரத்தை எடுத்து, தேவையில்லாத ஒரு முனையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கீழே கூச்சல் கேட்டபோது கருவிகளைத் துடைத்துப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். பின்பக்கப் படி வழியாக இறங்கி, அடுத்த தெருவில் பஸ் ஏறிவிட்டேன்.

காரியம் நடந்த வீட்டில் உறவுக்காரர்கள் எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். “பெத்த புள்ள செய்யாததை நீங்க செஞ்சீங்க” என்று ஒருவர் எல்லோர் முன்னாலும் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். சின்னு மூலையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான், அவனுக்கு ஒருவர் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். “அத்தான், நீங்களாவது நம்புங்க, ஏசி ஓடிட்டுதான் இருந்துச்சு” என்று என் காலைப் பிடித்தான். அவன் பொறுப்பில்லாதவன்தான். அப்பாவை அப்படி விட்டுப் போனது தப்புதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் உண்மை பேசியவன் அவன் ஒருவன்தான். நான் அவன் தோளைத் தட்டிக் கொடுத்தேன். அதையும் எல்லோரும் பார்த்தார்கள், அதற்கும் எனக்குப் பாராட்டுக் கிடைத்தது.

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு இன்று ஏன் என்று கேட்கிறீர்கள். இன்று காலை கிளம்பும்போது என் மனைவி சட்டையை எடுத்துக் கொடுத்தாள். “கையெழுத்துப் போட்டுட்டு வாங்க. அவன் எனக்குத் தம்பியே இல்ல. இனிமே எனக்கு அப்பாவும் நீங்கதான்” என்றாள். அந்தச் சட்டை மாமனாருடையது. அளவு எனக்குச் சரியாக இருந்தது. பட்டன் போட முடியாமல் நின்றேன். அவளே போட்டுவிட்டாள். அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். என்னால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. வண்டியைத் திரும்பச் சோதிப்பதானால் உச்சி வெயிலில், நின்ற இடத்தில் நெடுநேரம் ஓடவிட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள். உள்ளே உட்காருகிறவர் கதவைத் திறந்து வைத்துக்கொள்ளட்டும்.

இன்னும் ஒன்று மட்டும் இருக்கிறது. அன்று பஸ்ஸை விட்டிறங்கி நான் வீட்டுக்குள் நுழைந்தபோது செய்தி எனக்கு முன்னால் வந்திருந்தது. என் மனைவி ஓடிவந்து என் தோளில் முகத்தைப் புதைத்து, “நீங்க பக்கத்துல இருந்திருந்தா எங்கப்பாவ இப்படிச் சாக விட்டிருப்பீங்களா” என்று கதறினாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு விம்மி விம்மி அழுதேன். “நான் மட்டும் அங்க இருந்திருந்தா” என்றேன். அது நடிப்பு என்று எழுதிவிடாதீர்கள் மேடம். எனக்கு நடிக்கத் தெரியாது. இப்போதும் சொல்கிறேன், நான் அங்கே இருந்திருந்தால் கதவைத் திறந்திருப்பேன்.